பற்றரியை மாறிக் குடுத்திட்டன், 121 அசையுதில்லை

வெள்ளவத்தை_121
ஞாயிறு இரவு 9.42

வணக்கம். கை இன்னும் நடுங்குது. என்ட 121 கொரோலா ரெண்டு கிழமையா இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் எடுத்தது. இண்டைக்குப் புதுப் பற்றரி ஒண்டு வாங்கி வந்து ஃபிளாட்டின்ட கீழ் பார்க்கிங்கில நானே மாத்தினன். வெளியில மழை, உள்ளுக்கு இருட்டு, போன் டோர்ச்சை வாயில கவ்விக்கொண்டு வேலை. பழைய பற்றரியில எந்த வயர் எந்தப் பக்கம் இருந்துதோ அந்தந்தப் பக்கமே போட்டன். ரெண்டாவது வயர் தொட்டதுதான் தாமதம், நீலமா ஒரு பொறி, பொனட்டுக்குள்ள "டிக்" எண்டு ஒரு சத்தம், பிறகு எரிஞ்ச பிளாஸ்டிக் மணம். இழுத்து எடுத்திட்டுப் பார்த்தா, புதுப் பற்றரியில பிளஸ்சும் மைனஸ்சும் பழையதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கு!

பிறகு சரியாத் திருப்பிப் போட்டன். உள் லைட் இல்லை, ரேடியோ செட் இல்லை, சாவியைத் திருப்பினா மீட்டர் அப்படியே கறுப்பு. மேல்மாடி அண்ணை ஒராள் வந்து எட்டிப் பார்த்து, "கொம்பியூட்டர் போட்டுது தம்பி" எண்டு சொல்லிப்போட்டு லிஃப்டில ஏறிட்டார். இனி என்ன செய்யிறது?

சும்மா_ஒருத்தன்
ஞாயிறு இரவு 9.58

மச்சான், ஈசியூவும் (அதுதான் அந்தக் கொம்பியூட்டர்) பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஓல்டனேட்டரும் கட்டாயம் எரிஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு லட்சக்கணக்கில போனது. அவசரம் எண்டா எரிஞ்ச பியூசுக்கு மேலால ஒரு தடிச்ச செப்பு வயரைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பார்.

மருதானை_வயரிங்
ஞாயிறு இரவு 10.11

தம்பி, அந்தச் செப்பு வயர் கதையக் கண்டுக்காதீங்க. பியூஸ் செத்து உங்கட வாகனத்தக் காப்பாத்தி ஈக்குது. அதுக்கு மேல வயர் சுத்தினா அடுத்தது எரியிறது ஹார்னஸ், வாகனத்தின்ட வயர்க் கட்டு. 28 வருஷமா இந்தத் தொழில்ல ஈக்கேன். வயர் சுத்தி நெருப்புப் பிடிச்ச வேன் ஒண்டு என்ட பட்டறைக்கே வந்தது.

இப்ப பற்றரி மைனஸ்ஸக் கழட்டி வைங்க. எனக்கு மூணு விஷயம் சொல்லுங்க. மாறிப் போட்ட நேரம் சாவி ஓனா ஓஃபா? எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு ஈந்தது? சரியாத் திருப்பிப் போட்ட பொறகு ஹோன் அடிச்சதா?

வெள்ளவத்தை_121
ஞாயிறு இரவு 10.20

சாவி என்ட காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. தொட்டது ஒரு செக்கன், கூடினா ரெண்டு. ஹோன் அடிச்சுப் பார்க்கேல்லை. ஒரு நிமிசம், கீழ போறன்.

வெள்ளவத்தை_121
ஞாயிறு இரவு 10.31

ஹோன் அடிக்குது! நல்ல சத்தமா அடிக்குது. காவலாளி ஓடி வந்திட்டார், பாவம். மைனஸ்ஸைத் திரும்பக் கழட்டிட்டன்.

மருதானை_வயரிங்
ஞாயிறு இரவு 10.52

அல்ஹம்துலில்லாஹ், நிம்மதியா இருங்க. ஹோன் அடிக்குதெண்டா பற்றரியிலருந்து பெட்டிக்குக் கரண்ட் வருது. அதுக்கு அங்கால போற பெரிய பியூஸ்தான் அறுந்திருக்கும். பொனட்டுக்குள்ள பியூஸ் பெட்டிய திறந்தா ஏஎல்டி எண்டு எழுதின ஒண்டு, 100 ஆம்பியர் இல்லாட்டி 120, வாகனத்தப் பொறுத்து. மேல கண்ணாடி மூடி ஈக்கும், உள்ளுக்கு இருக்கிற தகடு அறுந்து கறுத்துப் போயிருக்கும்.

ஏன் அது போகுது எண்டு சொல்றேன். கிணத்து மோட்டர்ல ஃபுட் வால்வு தெரியும்தானே? தண்ணி மேல ஏறும், கீழ இறங்காது. ஓல்டனேட்டர்ல டயோட் செய்யிறதும் அதுதான். உள்ளுக்கு ஆறு ஈக்கும், சில மாடல்ல எட்டு. ரெண்டு ரெண்டா மேலயும் கீழயும் நிக்கும். சரியாக் குடுத்தா பற்றரிக் கரண்ட் ஓல்டனேட்டருக்குள்ள திரும்பிப் போகாது. மாத்திக் குடுத்தா எல்லா வால்வும் ஒரே நேரம் திறந்த மாதிரி. பற்றரியின்ட முழுக் கரண்டும், நூத்துக்கணக்கான ஆம்பியர், நேரா அதுக்குள்ளால பாயும். நீங்க கேட்ட "டிக்" பியூஸ் அறுந்த சத்தம். பியூஸ் முந்தினா டயோட் தப்பும். டயோட் முந்தினா அதுதான் செலவு.

சாவி ஓஃபில ஈந்தது உங்கட அதிர்ஷ்டம். எப்பவும் கரண்ட் நிக்கிற லைன் மட்டும்தான் அடி வாங்கிச்சு: ஓல்டனேட்டர், உள் லைட், செட் மெமரி, ஈசியூ மெமரி லைன், ஹோன், ஹசார்ட். சாவி ஓன்ல ஈந்திருந்தா நான் இப்பிடிப் பேச மாட்டேன்.

டைனமோ_தாத்தா
ஞாயிறு இரவு 11.15

ஒரு கேள்வி. பற்றரி கிளாம்ப் லேசா இறங்கிச்சுதோ? நான் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு.

வெள்ளவத்தை_121
திங்கள் காலை 6.05

ஐயா, அதைத்தான் எழுத வெக்கப்பட்டு விட்டனான். இறங்கவே இல்லை. மைனஸ் வயரின்ட கிளாம்ப்பை ஸ்க்ரூடிரைவர் விட்டு விரிச்சு, கையால அடிச்சு இறக்கினன். அடுத்த கிளாம்ப் பற்றரியின்ட மற்றப் போஸ்டில, அந்த ஈய முனையில, லொடலொட எண்டு ஆடிச்சுது. டின்பால் டின்னில ஒரு கீலம் வெட்டிச் சுத்துவமோ எண்டு யோசிக்கேக்கதான் பொறி பறந்தது. ரெண்டு வயரும் இப்ப ஒரே கறுப்பு. பிளஸ்ஸின்ட சிவப்பு ரப்பர் மூடி எப்பவோ காணாமல் போட்டுது.

டைனமோ_தாத்தா
திங்கள் காலை 6.40

அப்படித்தான் நினைச்சன். ஜப்பான் பற்றரியில பிளஸ் போஸ்ட் மைனஸ்ஸை விடத் தடிப்பு. சின்னப் போஸ்ட் உள்ளதில பிளஸ் 14.7 மில்லிமீற்றர், மைனஸ் 13. பெரிய போஸ்டில 19.5, மற்றது 17.9. ரெண்டு மில்லிமீற்றர் கூட வித்தியாசம் இல்லை, ஆனா கைக்குத் தெரியும். உம்மட கைக்கும் தெரிஞ்சிருக்கு, நீர்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தனீர்.

பழைய பற்றரியில என்ன நம்பர் அடிச்சிருக்கெண்டு பாரும். 46பி24எல் மாதிரி ஒண்டு இருக்கும். 24 எண்டது நீளம், சென்ரிமீற்றரில. பி எண்டது அகலம், உயரம் எந்த வகுப்பு எண்டது. கடைசி எழுத்திலதான் விசயம். ரெண்டு போஸ்டும் உம்மட பக்கம் இருக்கிற மாதிரி நிண்டு பாரும்: மைனஸ் இடக்கைப் பக்கம் இருந்தா எல், வலக்கைப் பக்கம் இருந்தா ஆர். அதுக்குப் பிறகு எஸ் எண்டு ஒரு எழுத்து வந்தா தடிச்ச போஸ்ட்.

அப்பாவிட்ட ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. அதில பிளஸ்தான் பொடியில எர்த். இப்ப சொன்னா ஆரும் நம்ப மாட்டினம், ஆனா அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார் கனக்க அப்படித்தான். ஒருக்கா கராஜ் பொடியன் பழக்க தோசத்தில மைனஸ்ஸை எர்த் பண்ணிப் போட்டான். ஒண்டும் எரியேல்லை. ஓல்டனேட்டருக்கு முந்தி இருந்த டைனமோவில டயோட் ஏது எரிய? ஃபீல்ட் வயரைப் பற்றரியோட ஒரு கணம் தொட்டு டைனமோவுக்குத் திரும்பவும் திசை காட்டினம், ஓடிச்சுது. இண்டைக்கு அந்தப் பிழையை ஒரு செக்கன் விட்டாலே இந்தப் பாடு.

வெள்ளவத்தை_121
திங்கள் காலை 6.58

பழையது 46பி24எல். புதுசு 46பி24ஆர். கடையில பொடியன் "அதே சைஸ்தான் அண்ணை" எண்டவன். சைஸ் அதேதான்!

ஓட்டோ_கொட்டாஞ்சேனை
திங்கள் காலை 7.30

அண்ணே, நம்ம த்ரீவீலுக்கும் இதே கதை நடந்துச்சுங்க. போன வருசம் ஆர்மர் வீதிப் பக்கம் பேட்டரி எறங்கிருச்சு. ஒதவிக்கு வந்தவரு ஜம்பர் வயர மாத்திக் குடுத்துட்டாரு. ரெக்டிஃபயர் போயிருச்சு, வேற ஒண்ணும் ஆகல. அதுலருந்து யாரு ஒதவிக்கு வந்தாலும் வயர நாந்தான் மாட்டுவேன். கோவிச்சாலும் பரவாயில்லை.

ஏஎல்டி பியூஸ்ஸ மேலருந்து பிடுங்காதீங்க அண்ணே. அது சின்ன பியூஸ் மாதிரி இல்ல, அடியில போல்ட் போட்டிருக்கும். பிளையர் வச்சு இழுத்தா பெட்டியே வெடிச்சிரும். பெட்டியக் கழட்டி, கிளிப்ப விட்டு, பக்க மூடியத் தெறந்து, நட்டக் கழட்டணும்.

வெள்ளவத்தை_121
திங்கள் பின்னேரம் 5.20

மகள் பக்கத்து வீட்டு வானில பள்ளிக்குப் போனா. நான் அரை நாள் லீவு போட்டிட்டு, வாகனச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனன். ஓட்டோ அண்ணை சொன்னதை வாசிக்க முந்தியே பிளையர் போட்டு இழுத்திட்டன். பெட்டியின்ட ஒரு மூலை வெடிச்சு, மூடியின்ட கிளிப்பும் உடைஞ்சுது. அதால பியூஸோட சேத்துக் கழட்டின பெட்டி ஒண்டே வாங்க வேண்டி வந்தது.

பஞ்சிகாவத்தையில நாலாவது கடையிலதான் கிடைச்சுது. முதல் கடையில "ஏஎல்டி 121" எண்டு சொன்ன உடன முழு ஓல்டனேட்டரைத் தூக்கி மேசையில வைச்சாங்கள். அடுத்ததில ஈசியூ ஒண்டை பொலித்தீனில சுத்திக் காட்டினாங்கள். நாலாவது கடை ஐயா என்ட கறுத்த பியூஸைக் கையில வாங்கி, வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்து, "பற்றரி மாறிக் குடுத்ததா?" எண்டார். சிங்களத்தில சொன்னவர், சிரிச்சுக்கொண்டு. எத்தினை பேர் இப்பிடிப் போயிருப்பினமோ.

பற்றரியையும் கடையில எல் ஆக மாத்தித் தந்திட்டாங்கள். இப்ப எல்லாம் பூட்டி இருக்கு. மைனஸ் மட்டும் போடேல்லை. பயமா இருக்கு.

மருதானை_வயரிங்
திங்கள் பின்னேரம் 5.45

பயம் நல்லது. 21 வாட்ஸ் பல்ப் ஒண்டு எடுங்க, பின் சிக்னலுக்குப் போடுறது. ரெண்டு வயர் ஒட்டுங்க. பற்றரி மைனஸ் போஸ்டுக்கும் கழட்டி வைச்ச மைனஸ் கிளாம்ப்புக்கும் நடுவில அத பிடிங்க. உள்ளுக்கு எங்கயாவது ஷோர்ட் ஈந்தாலும் அந்த பல்ப் ரெண்டு ஆம்பியருக்கு மேல விடாது, ஒண்டும் எரியாது. கதவெல்லாம் சாத்தி, சாவி ஓஃபில வைச்சுப் பாருங்க. பல்ப் ஒருக்கா மின்னி அணைஞ்சா நல்லம், அது கப்பாசிட்டர் நிரம்பிறது. முழு வெளிச்சத்தில எரிஞ்சுகொண்டே ஈந்தா மைனஸ்ஸப் போடாதீங்க.

வெள்ளவத்தை_121
திங்கள் இரவு 7.10

முழு வெளிச்சம்!!

பியூஸ் பெட்டியில ஒவ்வொரு பியூஸாக் கழட்டினன். டோம் எண்டதில 15 ஆம்பியர் ஒண்டு முதலே அறுந்திருந்தது, நான் மத்தியானம் புதுசு போட்டனான். அதைக் கழட்டின உடன பல்ப் அணைஞ்சிட்டுது. திரும்பப் போட்டா எரியுது. பிறகு செட்டை வெளியில இழுத்து, பின்னால சொக்கெட்டைக் கழட்டினன். அணைஞ்சுது.

மருதானை_வயரிங்
திங்கள் இரவு 7.25

செட்டுக்குள்ள கரண்ட் ஏறுற இடத்தில ஒரு டயோட் ஈக்கும், மாத்திக் குடுத்தா தான் ஷோர்ட்டாகிப் பியூஸ்ஸ அறுக்கத்தான் அத வைச்சிருக்காங்க. அது தன்ட வேலையச் செஞ்சு மவுத்தாயிட்டுது. ரேடியோ திருத்துற ஆள்ட்ட குடுங்க, அந்த டயோட்ட மாத்தினா பெரும்பாலும் செட் உசிரோட ஈக்கும். வீசாதீங்க. செட் இல்லாம இப்ப மைனஸ்ஸப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

வெள்ளவத்தை_121
திங்கள் இரவு 7.48

ஸ்டார்ட்!!! முதல் உதையிலயே எடுத்திட்டுது. செக் எஞ்சின் லைட் வந்து போட்டுது. ஸ்டியரிங் லேசா இருக்கு, பவர் ஸ்டியரிங் லைட்டும் இல்லை. காலி வீதியால பம்பலப்பிட்டி மட்டும் போய் வந்தன். எல்லாருக்கும் கோடி நன்றி. மேல்மாடி அண்ணைக்கு ஹோன் ஒருக்கா அடிச்சுக் காட்டினன்.

சும்மா_ஒருத்தன்
திங்கள் இரவு 8.02

சரி சரி, ஈசியூ தப்பிட்டுது, ஒத்துக்கொள்றன்.

தெஹிவளை_அக்வா
திங்கள் இரவு 8.30

இடையில ஒரு கேள்வி. என்னட்ட இருக்கிறது அக்வா, ஹைபிரிட் கார். பற்றரி இறங்கின பிறத்தியாற்ற வாகனத்துக்கு வயர் போட்டு ஜம்ப் குடுக்கலாமோ? ஒருத்தர் கேட்டவர், நான் மறுத்திட்டன், அவர் கோவிச்சிட்டார்.

மருதானை_வயரிங்
திங்கள் இரவு 8.41

மறுத்தது சரி. உங்கடதில ஓல்டனேட்டரே இல்ல. ஹைபிரிட் பற்றரியிலருந்து 12 வோல்ட் எடுத்துத் தாற கன்வேட்டர் ஒண்டுதான் ஈக்கு. ஸ்டார்ட்டருக்குக் குடுக்கிற கரண்டுக்கு அது செஞ்சதில்ல, அந்தச் சின்னப் பற்றரியும் அப்பிடித்தான். வயர் மாறினா கன்வேட்டர் போகும், அது பெரிய செலவு.

வெள்ளவத்தை_121
புதன் இரவு 8.15

திரும்பவும் நான்தான். கொண்டாடினது கொஞ்சம் முந்திட்டுது போல. ரெண்டு நாள் ஓடினன். இரவில ஹெட்லைட்டும் ஏசியும் போட்டா லைட் மெல்லத் துடிக்குது. பற்றரி லைட்டும் மங்கலா ஒருக்கா எரிஞ்சு அணையுது. ஓல்டனேட்டர் பக்கம் ஒரு முனகல் சத்தம். ஆனா பல்ப் சோதனையில ஒண்டும் எரியேல்லையே?

மருதானை_வயரிங்
புதன் இரவு 8.40

மல்டிமீட்டர் ஈந்தா எஞ்சின் ஓடேக்க, லைட் போட்டு, பற்றரியில அளங்க. முதல் டிசி, பொறகு அதே இடத்தில ஏசி.

வெள்ளவத்தை_121
புதன் இரவு 9.05

டிசி 12.9. ஏசி 1.2.

மருதானை_வயரிங்
புதன் இரவு 9.30

டிசி 13.8க்கும் 14.5க்கும் இடையில ஈக்கணும். ஏசி அரை வோல்ட்டத் தாண்டப்படாது. டயோட் ஒண்டு போயிருக்கு.

பல்ப் ஏன் காட்டல எண்டா, டயோட் ரெண்டு ரெண்டா நிக்குது எண்டு சொன்னேனே. மேல் வரிசையில ஒண்டு ஷோர்ட்டானாலும் கீழ் வரிசை நல்லா ஈந்தா அது மறிச்சுப் பிடிக்கும். நிக்கிற வாகனத்தில பற்றரி இறங்காது, பல்ப் எரியாது. ஓடேக்கதான் குட்டு வெளிக்கும். நான் திங்கக்கிழமையே இதச் சொல்லியிருக்கணும், பிழை என்டது.

மைனஸ்ஸக் கழட்டிட்டு ஓல்டனேட்டர்லருந்து பற்றரிக்குப் போற பி வயரையும் கழட்டுங்க. மீட்டர டயோட் சோதனையில வைங்க. சிவப்பு ஓல்டனேட்டர் பொடியில, கறுப்பு பி போல்ட்ல. ரெண்டு டயோட் தாண்டிப் போறதால 0.8, 0.9 கிட்ட காட்டணும். அதில பாதி காட்டினா ஒரு வரிசையில ஷோர்ட். திருப்பிப் பிடிச்சா ஒண்டும் காட்டப்படாது.

வெள்ளவத்தை_121
வியாழன் காலை 7.20

0.46. திருப்பிப் பிடிச்சா ஒண்டும் இல்லை. பாதிதான்.

ரெண்டு இடத்தில கேட்டன். ரெண்டு பேரும் முழு ஓல்டனேட்டர் மாத்தச் சொல்லினம்.

டைனமோ_தாத்தா
வியாழன் காலை 7.55

முழுசா மாத்த வேண்டாம். டயோட் எல்லாம் ஒரு தகட்டில இருக்கு, ரெக்டிஃபயர் தகடு எண்டு கேட்டா தனியாக் கிடைக்கும். ஓல்டனேட்டர் மட்டும் பார்க்கிற ஆளிட்டைக் குடும், கராஜில குடாதையும். கழட்டேக்க பிரஷ்ஷும் பெயாரிங்கும் பார்க்கச் சொல்லும். 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் கார்களுக்கு 2025 இலதான் திறந்து விட்டவை. அந்த அஞ்சு வருசத்தில கொழும்பில திருத்தேலாது எண்டு வீசின சாமான் எதுவும் இல்லை. ரீகண்டிஷன் எண்டு வாங்கிறதும் ஆரோ கழட்டி வைச்சதுதானே, அதை விட உம்மட ஓல்டனேட்டரின்ட வரலாறு உமக்குத் தெரியும்.

வெள்ளவத்தை_121
சனி பின்னேரம் 4.40

முடிஞ்சுது. தெமட்டகொடைப் பக்கம் ஓல்டனேட்டர் பாஸ் ஒராள், ஒரு ஆள் நிக்கக்கூடிய அளவுதான் கடை. எனக்கு முன்னாலயே பிரிச்சார். தகட்டில ஒரு டயோட்டைச் சுத்தி மட்டும் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு மண்ணிற வளையம், மற்ற எல்லாம் பளிச்செண்டு இருந்தது. தகடு, பிரஷ் ரெண்டும் மாத்தினார். முழு ஓல்டனேட்டருக்குச் சொன்ன விலையில மூண்டில ஒண்டும் வரேல்லை. எரிஞ்ச தகட்டை வாங்கி வந்து மேசையில வைச்சிருக்கிறன்.

இப்ப லைட், ஏசி எல்லாம் போட்டு 14.2. ஏசியில 0.04. முனகல் இல்லை. செட்டுக்கு முதலாம் குறுக்குத் தெருவில டயோட் வாங்கி, சிநேகிதன் ஒருத்தன் ஒட்டித் தந்தவன், பாடுது. சானல் எல்லாம் அழிஞ்சு போச்சு. மணிக்கூடு மட்டும் ஒரு மணியில நிண்டது, அதை மகள் சரியாக்கினா.

பிளஸ் வயருக்குச் சிவப்பு டேப் ரெண்டு சுத்து சுத்தியிருக்கிறன். விரிச்ச கிளாம்ப்பையும் வீசிப்போட்டுப் புதுசு போட்டாச்சு.

ஒரு சின்னத் தேவை. பஞ்சிகாவத்தையில வாங்கின பியூஸ் பெட்டி மூடி இல்லாமத்தான் வந்தது, என்ட பழைய மூடியில கிளிப் உடைஞ்சிட்டுது. இப்ப றப்பர் பான்ட் போட்டுக் கட்டியிருக்கு. ஆரிட்டையும் 121 மூடி கிடக்கோ?

ஓட்டோ_கொட்டாஞ்சேனை
சனி பின்னேரம் 5.02

நம்ம மச்சான்ட்ட ஒண்ணு கெடக்குதுங்க, அவரு 121 பார்ட்ஸுக்கு ஒடச்சாரு. நாளைக்கு வெள்ளவத்தைப் பக்கம் ஹயர் ஒண்ணு இருக்கு. ஒம்பது மணி போல மார்க்கெட்கிட்ட நில்லுங்க, கொண்டாந்து தாறேன். காசு வேணாம், டீ வாங்கிக் குடுங்க.